நங்கூரத்திலிருந்து வந்த பாட்டு

நம் சவுண்டு சர்வீஸில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் என்னைப் பார்க்க வந்தால் முதலில் கேட்பது, "யக்கா, சுகமா இருக்கியளா?" என்று அல்ல. "யக்கா, லேப்டாப்புக்கு எந்த ஹெட்போன் நல்லது?" என்றுதான். பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற பதில் வராது. தலை நரைத்து, முட்டி தேய்ந்து, ஆம்ப்ளிஃபயரைத் தூக்க முடியாமல் போனதும் கடைச் சாவியை மைதீனிடம் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவள் நான். எனக்கு நேரம் நிறைய இருக்கிறது. காப்பி போடச் சொல்லியிருக்கிறேன், உட்காருங்கள்.

என் பெயர் செல்வக்கனி. அந்தப் பெயரைச் சொன்னால் ஊரில் யாருக்கும் தெரியாது. ‘மைக்செட் அக்கா வீடு’ என்று சொல்லுங்கள், தூத்துக்குடியில் எந்த ஆட்டோக்காரரும் வாசலில் கொண்டு வந்து இறக்கிவிடுவார். எங்கள் ஆட்கள் எல்லாரும் பலசரக்குக் கடை, பாத்திரக் கடை என்று வைத்தபோது என் அப்பா மட்டும் மைக்செட் வைத்தார். என்னைக் கட்டிக்கொடுத்தபோது நகையோடு ஒரு ஆம்ப்ளிஃபயரையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். மாப்பிள்ளை வீட்டார் ஒரு மாதம் அதைப் பற்றியே பேசினார்கள். பிறகு அந்தத் தெருவில் நடந்த எல்லா விசேஷத்துக்கும் என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

நாங்கள் குழாய் ஸ்பீக்கர் காலத்து ஆட்கள். கொடை விழாவில் பாட்டுப் போட்டால் பக்கத்து ஊர்க்காரன் எழுந்து உட்கார வேண்டும். இல்லையென்றால் விழாவுக்கு வரி கொடுத்தவன் சண்டைக்கு வருவான். அப்படிப்பட்ட கடைக்குள் லேப்டாப்பைக் கொண்டுவந்தவன் மைதீன். காயல்பட்டினத்துப் பையன். வளைகுடாவில் பெரிய பெரிய மண்டபங்களில் சவுண்டு வேலை பார்த்துவிட்டு, போதும் என்று ஊர் திரும்பி என்னிடம் சேர்ந்தான். மெதுவாகப் பேசுவான், கோபமே வராது. அவனுக்கும் சேர்த்து நான் கோபப்படுவேன். அதனால் எங்கள் இருவருக்கும் நன்றாக ஒத்துப்போனது.

லேப்டாப்பைப் பற்றி நான் தெரிந்துகொண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது ஒரு அதிகப்பிரசங்கி. பந்தியில் வேண்டாம் வேண்டாம் என்று கையால் மறைத்தாலும் இலையில் பாயசத்தை ஊற்றிவிட்டுப் போகிற மாமாவைப் போல. நாம் கேட்காமலே சத்தத்தை அழகுபடுத்தும், பேஸைக் கூட்டும், இரைச்சல் என்று அதுவாக முடிவு செய்ததை வெட்டும், சார்ஜரில் இருக்கிற கொர்ரென்ற சத்தத்தையும் சேர்த்துக் காதில் ஊற்றும். நல்ல ஹெட்போன் வாங்குவது கடைசி வேலை. முதல் வேலை, அந்த மாமாவைப் பந்தியிலிருந்து வெளியே அனுப்புவது. இதை நான் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. டெல்பினின் கல்யாணத்தில் படித்தேன்.

டெல்பின் தெற்கே ஒரு கடற்கரை ஊர்ப் பெண். கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது பத்திரிகையோடு கடைக்கு வந்தாள். மைக்செட் பேசத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் செல்போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். கடல், வானம், நடுவில் நகத்தளவுக்கு ஒரு கப்பல்.

"அந்தா நிக்கில்லா யக்கா, அதுதான் எங்க அண்ணன் கப்பலு."

அண்ணன் பெயர் ராயப்பன், வீட்டில் ராயன். சரக்குக் கப்பலில் மாலுமி. நிலக்கரி ஏற்றிக்கொண்டு நம் துறைமுகத்துக்கே வருகிற கப்பல் அமைந்ததும், தங்கச்சி கல்யாணத்துக்கு இறங்கிவிடலாம் என்று குதித்துக்கொண்டு வந்திருக்கிறான். சரக்கு இறக்கக் கப்பலைக் கட்டுகிற ஜெட்டியில் இடம் கிடைக்கவில்லை. கப்பல் வெளியே நங்கூரம் போட்டு வரிசையில் நிற்கிறது. ஜெட்டிக்கு வந்தால்தான் ஆள் இறங்கலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

"கோவில் வாசல்ல நின்னா கப்பல் தெரியுது. எங்க அம்மை தினமும் போய்ப் பாத்துட்டு வாரா. அவன் டெக்குல நின்னு டார்ச் அடிக்கான், இவ இங்கன நின்னு கையாட்டுதா. வரத்தான் முடியல."

அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. தாலி கட்டி முடிந்ததும் மணப்பெண் மாதா பீடத்துக்குப் போய்ப் பூ வைப்பாள் அல்லவா, அந்த நேரத்தில் பெண்ணின் உடன்பிறந்தவன் பாட வேண்டும். அப்பா இல்லாத வீடு. அக்காமார் இருவர் கல்யாணத்திலும் ராயன்தான் பாடினான். கடைக்குட்டி இவள். இவளுக்குப் பாடுவதற்கென்று அவனே ஒரு பாட்டுக் கட்டி வைத்திருந்தான்.

"அவன் பாடணும் யக்கா. பாடாம நான் பூ வைக்க மாட்டேன்."

"ரெக்கார்டு பண்ணி அனுப்பச் சொல்லேன்ளா. அழகாப் போட்டுருவோம்."

"ரெக்கார்டுன்னா அது என்னைக்கோ பாடுனது. நான் கட்டுதது திங்கக்கிழமை."

நான் திரும்பி மைதீனைப் பார்த்தேன். அவன் ஏற்கனவே லேப்டாப்பைத் திறந்துவிட்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை அவர்கள் ஊர் மாதா கோவிலில் ஒத்திகை வைத்தோம். கடல் பக்கமாக ஒரு வாசலும் ரோட்டுப் பக்கமாக ஒரு வாசலும் உள்ள கோவில். கீபோர்டில் லூர்து டீச்சர். பாடகர் குழுவையே கட்டி மேய்ப்பவர். அவர் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தால் பெரிய ஆண்களே சுருதி சேர்வார்கள். ராயன் கப்பலில் மேல் தளத்தில், கப்பலை ஓட்டுகிற மாலுமி அறைக்கு வெளியே உள்ள ஒரு மூலையில் நின்றான். கீழே கேபினில் எல்லாம் இரும்பு, சிக்னல் வராது. கேப்டனிடம் கேட்டு அந்த இடத்தை வாங்கியிருந்தான். அவனிடமும் ஒரு லேப்டாப். வீடியோ கால் போட்டோம்.

முதல் வரியிலேயே தலையில் கை வைத்தேன். டப்பாவுக்குள் தலையை விட்டுப் பாடுகிற மாதிரி இருந்தது.

"என்ன ஹெட்செட்டுலே மாட்டியிருக்க?"

"புளூடூத் யக்கா. சிங்கப்பூர்ல வாங்குனது. ரொம்ப ஒசத்தி."

உயர்ந்ததுதான், மறுக்கவில்லை. பாட்டுக் கேட்க மட்டும் பயன்படுத்தினால் தேன் மாதிரி இருக்கும். ஆனால் அதிலேயே மைக்கையும் திறந்தால், போகிற சத்தம் வருகிற சத்தம் இரண்டையும் அந்தக் குறுகலான வழியில் அனுப்ப முடியாமல் அது பழைய டெலிபோன் ஆகிவிடும். இன்றைக்கும் பாதிப் பேர் இதைத் தெரியாமல் ஹெட்செட்டைத் திட்டுகிறார்கள். கழற்றச் சொன்னேன். அறைத்தோழனிடமிருந்து ஒயர் போட்ட இயர்போன் ஒன்றை வாங்கி வந்தான், மைக் வைத்தது. குத்தினான். ஒரு காது பேசவே இல்லை.

"ஜாக்கைப் பாருலே. பச்சை பிடிச்சிருக்கா?"

"ஆமா யக்கா. எப்படித் தெரியும்?"

எப்படித் தெரியாமல் போகும்? உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவில் மைக்செட் நடத்தினவள் நான். நம் ஊர்க் காற்றுக்கு ஆணியே தாங்காது, ஜாக் எங்கே தாங்கும்? ரப்பர் வைத்துத் தேய் என்றேன். கப்பலில் ரப்பருக்கு எங்கே போவது என்றான். மாலுமி அறையில் வரைபடத்தில் பென்சில் கோடு போடுவார்களே, அந்த மேசையில் இருக்கும், போய்க் கேள் என்று விரட்டினேன். கொஞ்ச நேரத்தில் சிரித்துக்கொண்டே வந்தான். இரண்டு காதும் பேசின. காற்று மைக்கில் மோதாமலிருக்கத் துவைத்த காலுறை ஒன்றை அதன் மேல் மாட்டச் சொன்னேன். "துவைச்சதுதான?" என்று லூர்து டீச்சர் மைக்கில் கேட்டார். அன்றைக்கு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

இப்போது குரல் தெளிவாக வந்தது. ஆனால் துண்டு துண்டாக வந்தது. பேசினால் சரியாக இருக்கும். நீளமாக ஒரு சுரத்தை இழுத்தான் என்றால் பாதியிலேயே குரல் மறைந்துவிடும். இழுப்பு முடிந்து அடுத்த சொல் தொடங்கும்போது திரும்ப வரும். சிக்னல்தான் காரணம் என்று எல்லாரும் சொன்னார்கள். மைதீன் தலையாட்டினான்.

"சிக்னல் இல்ல அக்கா. ஒரே மாதிரி நீண்டு வர்ற சத்தத்த ஃபேன் சத்தம்னு நெனச்சு வெட்டுது. இரைச்சலக் குறைக்குற வேலைய அது சொந்தமாப் பாக்குது."

கேட்டதும் எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. பாடுகிறவன் மூச்சுப் பிடித்து இழுக்கிறான், இது ஃபேன் என்று வெட்டுகிறதாம்! அந்த வசதியைக் கப்பல் லேப்டாப்பிலும் எங்கள் லேப்டாப்பிலும் அணைத்தோம். அழகுபடுத்துகிற சமாச்சாரங்கள் எல்லாவற்றையும் அணைத்தோம். சார்ஜரைப் பிடுங்கினோம், கொர்ர் நின்றது. லேப்டாப்பிலேயே உள்ள ஹெட்போன் ஓட்டையை நம்பாமல் மைதீனின் சின்ன யூ.எஸ்.பி. சவுண்டு பெட்டி வழியாக ஹெட்போனையும் ஸ்பீக்கரையும் எடுத்தோம். நான் ஹெட்போனை மாட்டினேன்.

பிள்ளைகளே, அந்த நிமிஷத்தை என்னால் மறக்க முடியாது. அங்கே கப்பல் மேல் காற்று போவது கேட்டது. எங்கேயோ சங்கிலி ஒன்று மெதுவாக உரசுவது கேட்டது. ராயன் பாடுவதற்கு முன் மூக்கால் மூச்சை இழுப்பது என் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. எந்தப் புதுச் சாமானும் வாங்கவில்லை, எல்லாம் நாங்கள் அணைத்ததால் வந்தது. எனக்குச் சந்தோஷத்தில் சிரிப்பாணி தாங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் எங்கள் தொழில்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பைச் செய்தோம். மேடையில் பாடுகிறவனுக்கு அவன் குரலும் வாத்தியமும் திருப்பிக் கேட்க வேண்டும். அவன் காலடியில் ஒரு ஸ்பீக்கர் வைக்காத மைக்செட்காரனை ஊரே காறித் துப்பும். என் அப்பா எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது அதைத்தான். எனவே கீபோர்டுச் சத்தத்தைத் தாராளமாகக் கப்பலுக்கு அனுப்பினோம்.

டீச்சர் வாசித்தார். அது கப்பலுக்குப் போய்ச் சேர ஒரு நொடித் துளி. ராயன் அதைக் கேட்டுப் பாடினான். அவன் குரல் இங்கே வர இன்னொரு துளி. டீச்சருக்கு அவன் பின்தங்குவதாகத் தோன்றியது. பாவம் பையன் என்று நிதானித்தார். அவர் நிதானிப்பது அங்கே கேட்டதும், டீச்சர் மெதுவாகப் போகச் சொல்கிறார்கள் என்று அவனும் நிதானித்தான். அவனுக்காக இவர், இவருக்காக அவன். பாட்டு நடந்தது, தள்ளாடியது, பிறகு தவழ்ந்தது. இரண்டாவது சரணத்துக்கு வந்தபோது கோவில் பெருக்கிக்கொண்டிருந்த அம்மா துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, "யாரு செத்தது?" என்று கேட்டாள்.

டெல்பின் சிரிக்க ஆரம்பித்து அழுகையில் முடித்தாள்.

மைதீன் என்னிடம் வந்து மெல்லச் சொன்னான். "அக்கா, அவனுக்கு நாம ஒண்ணுமே அனுப்பக் கூடாது. அவன் மட்டும் பாடட்டும். டீச்சர் அவனக் கேட்டு வாசிக்கட்டும். இங்க இருக்கவங்களுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்கும்."

"பாடுதவனுக்குச் சத்தம் குடுக்காம இருக்கதா? எங்க அப்பா கேட்டா செருப்பக் கழத்துவாருலே!"

"அப்பா காலத்துல பாடுதவன் மேடையில நின்னான் அக்கா. இவன் கடல்ல நிக்கான்."

கோபம் வந்தால் நான் கொஞ்சம் நடப்பேன். கடல் பக்க வாசல் வரை நடந்தேன். கப்பல் தெரிந்தது. அங்கிருந்து ஒருவன் கத்தினால் அது இங்கே வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். சத்தத்துக்கும் தூரம் உண்டு என்பது குழாய் ஸ்பீக்கர் கட்டின எனக்குத் தெரியாதா? மைதீன் சொன்னதுதான் சரி. திரும்பி வந்து டீச்சரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியை இறக்கினார்.

"நான் கீபோர்டுல கை வச்சா பாடுதவன் என் பின்னால வரணும். இத்தன வருஷமா அதுதான் வழக்கம்."

"இந்த ஒரு பாட்டுக்கு மட்டும் நீங்க அவன் பின்னால போங்க டீச்சர். உங்களால மட்டும்தான் முடியும். வேற யாருக்கும் அவன் எங்க மூச்சு வாங்குவான்னு தெரியாது."

முகத்துதிதான், ஆனால் உண்மை. இன்னொரு ஒயர் ஹெட்போனை அவர் தலையில் மாட்டினேன். ராயனுக்கு மட்டும் வாட்டம்.

"ஒண்ணுமே கேக்காம எப்படி யக்கா பாட? கெணத்துக்குள்ள நின்னு பாடுத மாரில்லா இருக்கும்."

"உன் தங்கச்சி கேப்பாலே. உனக்கு எதுக்கு?"

சுருதிக்கு டீச்சர் ஒரே ஒரு சுரத்தைப் பதிவு செய்து அவன் செல்போனுக்கு அனுப்பினார். அதைக் கேட்டுவிட்டு, மைதீன் ‘பாடு’ என்று செய்தி அனுப்பியதும் பாட வேண்டும். அவ்வளவுதான். அவன் பாடினான். டீச்சர் கண்ணை மூடி அவன் மூச்சைக் கேட்டு, ஒவ்வொரு வரியிலும் அவனோடு ஒன்றாக இறங்கினார். துடைப்பக்கார அம்மா இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை, பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அந்த ஒத்திகையை மைதீன் பதிவு செய்து வைத்தான். எதற்கும் இருக்கட்டும் என்று.

திங்கட்கிழமை சாயங்காலம் கல்யாணம். கோவில் நிரம்பி வழிந்தது. நல்ல கடற்காற்று. பீடத்துக்குப் பக்கத்தில் திரை கட்டி அதில் ராயன் தெரிய ஏற்பாடு. வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, காலுறை மாட்டின மைக்கோடு நின்றான். ஜனங்கள் அவனைப் பார்த்துக் கையசைத்தார்கள். அவன் அம்மா முதல் பெஞ்சில் இருந்து திரையைப் பார்த்து, "சாப்பிட்டியாலே?" என்று கேட்டாள். அவனுக்குக் கேட்காது, நாங்கள்தான் அடைத்து வைத்திருந்தோமே.

தாலி கட்டி முடிந்தது. டெல்பின் பூச்செண்டை வாங்கிக்கொண்டு மாதா பீடத்துக்கு முன்னால் போய் நின்றாள். மைதீன் ‘பாடு’ என்று அனுப்பினான். டீச்சர் விரலைக் கீபோர்டுக் கட்டைக்கு மேலே பிடித்துக்கொண்டார். 

அப்போது திரையில் ராயன் உறைந்து போனான். ஒரு கண் பாதி மூடி, வாய் ஒரு பக்கம் இழுத்து, தும்மப் போகிறவனைப் போல. பாட்டு வரவில்லை.

பின்னால் முணுமுணுப்பு கிளம்பியது. பங்குச் சாமியார் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். மைதீன் செல்போனைக் காட்டினான். செய்தி போய்ச் சேரவே இல்லை. மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்து என் மேசைக்கே வந்துவிட்டார்.

"லைன் போயிட்டுல்லா? ரெக்கார்டு இருக்குன்னு சொன்னாவ. போட்டு விடுங்கம்மா. யாருக்குத் தெரியப் போவுது? படம்தான் நிக்குதே, பாடுத மாதிரியே இருக்கும்."

நியாயமான பேச்சுதான். விரல் வைத்தால் போதும், வெள்ளிக்கிழமைப் பாட்டு கோவிலை நிரப்பும். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். டெல்பின் பூவைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தாள். பெரியப்பாவை அவள் பார்க்கவில்லை, என் விரலைத்தான் பார்த்தாள். நான் ரெக்கார்டைப் போட்டால் அவளுக்குத் தெரியும். அந்தக் கோவிலில் அவள் ஒருத்திக்குத் தெரிந்தால் போதாதா?

இப்படி ஒரு நேரம் உங்களுக்கும் வரும். எல்லாரும் திரையைப் பார்த்துக்கொண்டு ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். நீங்கள் திரையைப் பார்க்காதீர்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்தினேன்.

காற்று கேட்டது. சங்கிலி உரசுவது கேட்டது. யாரோ வேறு மொழியில் ஏதோ கேட்கிறார்கள். பிறகு, மிகத் தெளிவாக, ராயன் தொண்டையைச் செருமினான்.

"லைன் உசுரோட இருக்குலே!" என்று நான் கத்தியது மைக் இல்லாமலே கடைசி பெஞ்சு வரை போயிருக்கும். நெட் மெலிந்தால் படம்தான் முதலில் விழும், சத்தம் எப்படியோ தம் பிடித்துக்கொண்டு வரும். அவன் எங்கேயும் போகவில்லை. ‘பாடு’ என்று யாராவது சொல்வார்கள் என்று ஒன்றும் கேட்காமல் காத்துக்கொண்டு நிற்கிறான். இரைச்சல் குறைக்கிற அந்த வசதியை மட்டும் நாங்கள் அணைக்காமல் இருந்திருந்தால், காற்றையும் செருமலையும் அது துடைத்துப் போட்டிருக்கும். என் காதில் வெறும் மௌனம் இருந்திருக்கும். நானும் லைன் செத்துவிட்டது என்று ரெக்கார்டைத்தான் போட்டிருப்பேன்.

"பெரியப்பா, போய் உக்காருங்க. பையன் அங்கன நிக்கான்" என்றேன். மைதீனிடம், கப்பலுக்குப் போகிற சத்தத்தை ஒரே ஒரு வார்த்தைக்குத் திறக்கச் சொன்னேன். கார்டுலெஸ் மைக்கைத் தூக்கிக்கொண்டு, முட்டி வலியை மறந்து, நடுப் பாதையில் ஓடினேன். அறுபது தாண்டின பொம்பளை ஹெட்போனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மாதா பீடத்தை நோக்கி ஓடுவதை அந்த ஊர் இன்னும் பேசுகிறது. மைக்கை டெல்பினின் வாய்க்கு நேரே பிடித்தேன்.

"கூப்பிடுளா உங்க அண்ணன."

அவள் மைக்கை ஒட்டிக் குனிந்தாள்.

"எண்ணே... பூவ வச்சுக்கிட்டு நிக்கேன். பாடுண்ணே."

மைதீன் திரும்பச் சத்தத்தை அடைத்தான். அவள் குரல் கடல் தாண்டிப் போக வேண்டும், அவன் கேட்க வேண்டும், அவன் மூச்சு திரும்பி வர வேண்டும். நான் டீச்சரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். திடீரென்று லூர்து டீச்சர் தலையை நிமிர்த்தினார். அவன் மூச்சு இழுப்பது அவர் காதில் விழுந்துவிட்டது. கை இறங்கியது. ராயனின் முதல் சொல்லும் டீச்சரின் முதல் சுரமும் ஒரே நேரத்தில் ஸ்பீக்கரில் வந்து விழுந்தன.

என்ன குரல் அது! அவன் ஒன்றும் கச்சேரிக்காரன் இல்லை. மேலே போகும்போது கொஞ்சம் பிசிறும். அந்தப் பிசிறும் வந்தது, பின்னால் காற்றும் வந்தது, தங்கச்சி பெயர் வருகிற இடத்தில் அவன் தொண்டை அடைத்ததும் வந்தது. அந்த இடத்தில் டீச்சர் காத்திருந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், லூர்து டீச்சர் ஒரு பாடகனுக்காகக் காத்திருந்ததை அந்த ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது. டெல்பின் அழுதுகொண்டே, சிரித்துக்கொண்டே, பூவை மாதா காலடியில் வைத்தாள். அம்மா முதல் பெஞ்சில் இருந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். திரையில் ராயன் இன்னும் தும்மப் போகிறவனாகவே நின்றான், ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.

பாட்டு முடிந்ததும் மைதீன் என்னைக் கேட்காமலே கப்பலுக்குப் போகிற சத்தத்தை முழுவதும் திறந்துவிட்டான். இனி எவ்வளவு தாமதமாகப் போனால் என்ன? கைத்தட்டல், குலவை, பிள்ளைகளின் விசில், "சாப்பிட்டியாலே?" என்ற அம்மாவின் குரல், எல்லாம் போயின. நான் மேசைக்குத் திரும்பி ஹெட்போனை மாட்டினேன். அவன் சிரிப்பது கேட்டது. யாரோ அவன் முதுகில் தட்டுவது கேட்டது. அந்த வேற்று மொழிக் குரல் பக்கத்தில் வந்து ஏதோ சொன்னது. ராயன், "யக்கா, கேப்டன் உங்களக் காதப் பொத்திக்கிடச் சொல்லுதாரு" என்றான்.

எனக்குப் புரிவதற்குள் கப்பலின் ஊதல் ஸ்பீக்கரில் வந்து இடித்தது. சத்தம் உடைந்து கரகரத்தது. மைதீன் பாய்ந்து குறைத்தான். ஊதல் நின்றது. ஜனங்கள் காதைத் தடவிக்கொண்டு சிரித்தார்கள். முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

முடியவில்லை. நெட்டில் வந்த சத்தம் ஓடி வந்துவிட்டது. காற்றில் வருகிற சத்தம் கடல் மேல் நடந்துதானே வர வேண்டும்? சிரிப்பு அடங்கின நேரத்தில் கடல் பக்க வாசல் வழியாக அதே ஊதல் உள்ளே வந்தது. எந்த மைக்கும் இல்லாமல், எந்த லேப்டாப்பும் இல்லாமல், நீளமாக, பூம் என்று, தரையெல்லாம் அதிர. கோவிலே திரையை விட்டுவிட்டு வாசல் பக்கம் திரும்பியது.

"அண்ணன் வந்துட்டான்" என்றாள் டெல்பின்.

நான் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தேன்.